பழைய நடுப்பீடத்தைக் கழற்றிவிட்டுக் கிரானைட் வைக்கப் போகிறார்கள், என்ன செய்யலாம்?

தேயிலைமேடு எழுதியது:

எங்களுடையது கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயர் வந்தால் பேச்சு ஆட்கள் மேல் திரும்பிவிடும்.

போன ஞாயிறு பூசை (திருப்பலி) முடிந்ததும், பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப்பேரவையின் தீர்மானத்தை வாசித்தார்கள். பூசை மேசையும் அதன் பின்னால் உயரும் மாடங்களும் சேர்ந்த, மரத்தில் செய்த பழைய நடுப்பீடத்தைக் கழற்றிவிடுவது, பின்சுவர் முழுக்கக் கருப்புக் கிரானைட் பதிப்பது, அதில் ஒரே ஒரு பெரிய பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை) மட்டும் மாட்டுவது. பக்கப்பீடங்களில் உள்ள சூசையப்பர், அந்தோனியார், செபஸ்தியார், லூர்து மாதா சுரூபங்களுக்குப் பதிலாக ஃபைபரில் புதியவை, பழையவை சாமான் அறைக்குப் போகுமாம். இயேசு சிலுவை சுமந்து போன பாதையை நிலை நிலையாகக் காட்டும் சிலுவைப்பாதைப் படங்களில் பூஞ்சணம் பிடித்திருப்பதால் அவற்றை ஃபிளெக்ஸில் அச்சடித்து மாட்டுவது. எல்லாம் திருவிழாவுக்குள் முடியவேண்டுமாம்.

கோயில் நல்ல நிலையில் இல்லை என்பது உண்மை. ஆடிச் சாரலில் மேற்குச் சுவர் நெஞ்சளவு ஊறிப்போகிறது. சூசையப்பர் கையில் லீலி மலரைக் காணோம், இரண்டு விரலும் போய்விட்டன. மாதாவின் அங்கி அடிப்பக்கம் பொரிந்து வெள்ளைத் தூள் கொட்டுகிறது. பீடத்தில் பொன் பூசிய இடமெல்லாம் பச்சையாகக் கறுத்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பீடத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று மாடம், மேலே கூர்நுனி வளைவுகள், மெழுகுதிரித் தண்டுகள் நிற்க இரண்டு படி. நற்கருணை அப்பம் வைக்கும் பெட்டியான நற்கருணைப் பேழையின் கதவில் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும். முன்பலகையில் ஏழு முத்திரை போட்ட ஏட்டின் மேல் படுத்திருக்கும் செம்மறி. மாடங்களின் உட்புறம் நீல வானம், அதில் பொன் விண்மீன்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து முழங்கால் போட்ட இடம் அது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பழைய பீடத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் இருக்கிறதா? பேரவையில் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம், இந்தச் சுரூபங்களைப் பழுதுபார்க்க முடியுமா, இல்லை இவற்றின் காலம் முடிந்தேவிட்டதா?

பேரவைக்காரன் எழுதியது:

தம்பி, நான் வேறு பங்கில் பேரவையில் இருப்பவன். உங்கள் ஊர்ப் பேரவைக்காக நான் பேச முடியாது. ஆனால் இந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்று தெரியும்.

மலையில் ஒரு கோயிலைப் பராமரிப்பது லேசான வேலை இல்லை. வருடத்தில் பாதி மாதம் மழையும் மூடுபனியும். வெள்ளையடித்த சுவர் அடுத்த ஆடிக்குள் கறுத்துவிடும். மரத்தைப் பூச்சி தின்னும். கிரானைட் என்றால் துடைத்தால் போதும். ஃபைபர் சுரூபம் எடை குறைவு. நாலு பேர் தூக்குவதை ஒருவர் தூக்கிவிடலாம், கீழே விழுந்தாலும் உடையாது. இன்னொரு விஷயம், காணிக்கை கொடுப்பவர் புதுப் பொருளுக்குக் கொடுப்பார், உபயம் என்று பெயர் போடுவோம். பழைய சுரூபத்துக்கு விரல் ஒட்ட ஐயாயிரம் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் கை நீட்டமாட்டார்கள்.

பேரவையில் இருப்பவர்கள் பழைய பீடத்தின் மேல் பாசம் இல்லாதவர்கள் அல்ல. கூரை ஒழுகுகிற கோயிலை வைத்துக்கொண்டு எது முதல், எது பின் என்று தினமும் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்.

இறையியல் மாணவன் எழுதியது:

சட்டம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். எடுத்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் கூட்டம்) 1963 டிசம்பர் 4 அன்று வழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்த 1964 செப்டம்பரில் வந்த விதிமுறை 1965 மார்ச் 7 முதல் நடப்புக்கு வந்தது. முதன்மைப் பீடம் சுவரை ஒட்டாமல் சுற்றி வரும்படியும், மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றும்படியும் இருப்பது நல்லது என்பதுதான் அதன் கருத்து. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் பல கோயில்களில் அவசரப்பட்டுப் பழைய பீடங்களை இடித்தார்கள். கொள்கைத் திரட்டோ புனிதப் பொருள்களும் விலைமதிப்புள்ள கலைப்பொருள்களும் கைமாறாமல், அழியாமல் ஆயர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 126ஆம் எண்ணிலேயே சொல்லியிருந்தது. சேதம் அதிகமானதால் 1971 ஏப்ரல் 11 அன்று குருக்களுக்கான பேராயம் ஒரு சுற்றறிக்கையே அனுப்பியது. வழிபாட்டுச் சீர்திருத்தத்தைக் காரணம் காட்டிக் கலைச்செல்வங்களை அழிப்பதை அது கண்டித்தது, கோயில்களில் உள்ளவற்றைப் பட்டியல் எடுக்கவும் சொன்னது.

திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 303ஆம் எண் உங்கள் நிலைமைக்கு நேராகவே பொருந்தும். பழைய பீடம் மக்கள் பங்கேற்புக்கு இடைஞ்சலான இடத்தில் இருக்கிறது, ஆனால் கலைமதிப்புக்குச் சேதமில்லாமல் நகர்த்த முடியாது என்றால், முன்னால் இன்னொரு பீடம் அமைத்து அதில் மட்டும் திருப்பலி நிறைவேற்றலாம். பழைய பீடத்தைத் தனியாக ஜோடிக்கக் கூடாது, மக்களின் கவனம் புதிய பீடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சுரூபங்களுக்குத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1189 இருக்கிறது. பழமையாலோ கலையாலோ மக்கள் வணக்கத்தாலோ சிறப்புப் பெற்ற சுரூபத்தைப் பழுதுபார்க்கவே மறைமாவட்டத் தலைமையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். தலைமை அதற்கு முன் வல்லுநர்களைக் கலந்துகொள்ள வேண்டும். பழுதுபார்க்கவே அனுமதி தேவை என்றால், எடுத்துப் போட எவ்வளவு யோசிக்க வேண்டும்! 1190இன்படி மக்கள் பெரிதும் வணங்கும் சுரூபத்தை உரோமையின் அனுமதி இல்லாமல் கைமாற்றவோ நிரந்தரமாக இடம் மாற்றவோ முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுரூபங்கள் அளவோடும் ஒழுங்கோடும் இருக்க வேண்டும், ஒரே புனிதருக்கு ஒன்றுக்கு மேல் பொதுவாகக் கூடாது என்றும் விதி உண்டு. ஒரு கோயிலில் மூன்று அந்தோனியார் இருந்தால் இரண்டை எடுப்பது தவறல்ல.

மண்டபம் பேத்தி எழுதியது:

"சாமான் அறை" என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. வரும்போது பாட்டி கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மந்திரித்த, அதாவது குரு ஆசீர்வதித்த, ஒரு சுரூபத்தைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். முழங்கை உயரம்தான் இருக்கும். புத்தகத்தின் மேல் குழந்தை இயேசு, இன்னொரு கையில் லீலி.

தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு அதைக் கொடுத்தார்கள். பக்கப்பீடத்தில் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் அதன் முன்னால்தான் நடக்கும். இலங்கையிலிருந்து வந்த எல்லா வீட்டுக்கும் அது அவரவர் வீட்டுச் சுரூபம். பிறகு கோயிலைப் புதுப்பித்தபோது பெரிய சுரூபம் வந்தது, இது உள்ளே போனது. அடுத்த முறை கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. உடைந்ததா, கொடுத்தார்களா, இன்றுவரை ஒன்றும் தெரியாது. பாட்டி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணா, உங்கள் கோயிலில் எது யார் கொடுத்தது என்று வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். பேரவை எந்த முடிவு எடுத்தாலும் அந்தக் காகிதம் இருக்கட்டும்.

கல்லட்டி எழுதியது:

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் அல்ல. எங்கள் கோயிலில் சுரூபமே கிடையாது, அதனால் என் கேள்வி உங்களுக்கு வெளியாள் கேள்வியாகத் தோன்றலாம். ஆனாலும் கேட்கிறேன். உடைந்த ஒரு பொம்மைக்கு இவ்வளவு சட்டம், இவ்வளவு கண்ணீர் ஏன்? கடவுள் எங்கும் இருக்கிறார் இல்லையா? மனம் நோகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊட்டியில் எங்கள் புனித ஸ்தேவான் ஆலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. 1830இல் அபிஷேகம் ஆன கோயில் அது. அந்த உத்தரத்தை எடுத்துவிட்டு இரும்பு போடுவோம் என்று யாராவது கிளம்பினால் நானே வாசலில் நின்று தடுப்பேன். அந்த வகையில் உங்கள் பீடத்துக்கு நான் உங்கள் பக்கம்தான்.

கொடைவாசி எழுதியது:

கல்லட்டி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. 787இலேயே நிசேயாவில் கூடிய சங்கம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளைப் போய்ச் சேருகிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். ஆனால் எனக்குச் சட்டப் பதிலைவிட, சுரூபத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டது முக்கியம். எங்கள் ஊர் சலேத் மாதாவை வைத்துச் சொல்கிறேன்.

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலை லூயி சேன் சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1860களில் கட்டினார். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற இடத்தில் 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு, மெலானி, மாக்சிமின் என்று பெயர், மாதா காட்சி கொடுத்ததாக வரலாறு. மலை மேல் வந்த மாதாவை நம் மலைக்கும் கொண்டுவந்தார் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்வார்கள்.

அந்தச் சுரூபத்தில் மற்ற மாதா சுரூபங்களில் இல்லாத ஒன்று இருக்கும். மார்பில் ஒரு பாடுபட்ட சிலுவை, அதன் ஒருபக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. சுத்தியல் ஆணி அடிப்பது, குறடு ஆணி பிடுங்குவது. நீ எந்தப் பக்கம் என்று மாதா கேட்கிறாள் என்பார் எங்களுக்கு வேதம் சொல்லித்தந்த உபதேசியார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க யோசித்திருப்பாள். காட்சியில் மாதா முகத்தைக் கையில் புதைத்து அழுதாள் என்பதால் உட்கார்ந்து அழும் கோலத்திலும் சுரூபம் செய்வதுண்டு. விவசாயப் பெண் உடுத்துவது மாதிரி முன்கச்சு, தலையைச் சுற்றி ரோஜா. ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு எங்கள் ஊரில் எல்லா மதத்தாரும் வருவார்கள். சப்பரம் வரும்போது யாரும் இறையியல் பேசுவதில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதே மாதிரி ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு பாடம் உண்டு. சூசையப்பர் கையில் லீலி போய்விட்டது என்று தேயிலைமேடு எழுதினார். அந்த லீலி அவருடைய தூய்மைக்கு அடையாளம். மிக்கேல் சம்மனசு (வானதூதர்) கையில் தராசு, செபஸ்தியாருக்கு அம்பு, அமல உற்பவ மாதாவுக்குக் காலடியில் பாம்பும் பிறையும் தலையைச் சுற்றிப் பன்னிரண்டு விண்மீனும். இப்போது வரும் ஃபைபர் சுரூபங்களில் எனக்குள்ள குறை இதுதான். எல்லா முகமும் ஒரே முகம், எல்லாக் கண்ணும் ஒரே பெரிய கண். கையில் உள்ளதை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார்.

இறையியல் மாணவன் எழுதியது:

கொடைவாசி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழையது என்றாலே ஐரோப்பியம், அதனால் மாற்றலாம் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண் கோலத்தில் வைத்தது 18ஆம் நூற்றாண்டிலேயே. கோவாவின் ஆஞ்சலோ ட ஃபொன்சேகா (1902–1967) மாதாவுக்குச் சேலை கட்டி ஓவியங்கள் வரைந்தார். காவி உடையில் அருளானந்தர் (தமிழகத்தில் மறைப்பணி செய்த ஜான் டி பிரிட்டோ) சுரூபமும், சங்கிலியோடு தேவசகாயம் சுரூபமும் நம் கோயில்களில் வரவேண்டும். தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார், நம்மவர். அப்படி ஒரு புதுச் சுரூபம் வைக்க ஆசைப்பட்டால் நல்ல சிற்பியிடம் மரத்திலோ கல்லிலோ செய்யச் சொல்லலாம். அதற்குப் பழைய சூசையப்பரை வெளியேற்ற வேண்டியதில்லை.

தூரிகை எழுதியது:

பழைய சுரூபம், சுவர் ஓவியம் பழுதுபார்ப்பது என் தொழில். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் தேயிலைமேடு எழுதிய அறிகுறிகளை வைத்து நிறையச் சொல்லலாம்.

முதலில் கிரானைட். ஊறுகிற சுவரில் தயவுசெய்து கிரானைட் பதிக்காதீர்கள். நம் பழைய கோயில் சுவர்கள் செங்கல்லோ கல்லோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்து போகும். சுவருக்கு அது மூச்சு. அதன் மேல் சிமெண்ட் பூசினாலோ கல் பதித்தாலோ ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இப்போது நெஞ்சளவு இருப்பது தலைக்கு மேல் போகும். சில வருடத்தில் கல் பிடிப்பு விட்டு உப்பித் தெரியும். உங்கள் மேற்குச் சுவரில் முன்பே சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள், பூசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வெளியே தரை மட்டம் உயர்ந்திருக்கிறதா, இண்டர்லாக் கல் போட்டதில் உள்தரையைவிட வெளித்தரை மேலே வந்துவிட்டதா என்றும் பாருங்கள். பாதி வியாதி அங்கேதான் இருக்கும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தள்ளிவிட்டு, சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டினாலே அடுத்த மழைக்கு வித்தியாசம் தெரியும்.

மாதா அங்கியில் கொட்டும் வெள்ளைத் தூள். பழைய சுரூபங்களில் நிறைய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தவை, அதாவது ஜிப்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் வருடக்கணக்கில் அடியிலிருந்து ஈரம் உறிஞ்சினால் உள்ளே பொடிந்துவிடும். சுரூபத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடியில் கனமான பாலித்தீன் விரித்து அதன்மேல் மரப்பலகையில் நிறுத்துங்கள். செலவே இல்லாத வேலை, இன்றைக்கே செய்யலாம். தூக்கும்போது கையையோ கழுத்தையோ பிடிக்காமல் அடிப்பீடத்தையும் முதுகையும் பிடித்துத் தூக்க வேண்டும்.

விரல் உடைந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து வார்ப்பார்கள். ஈரம் பட்டால் இரும்பு துருவாகி உப்பும், உப்பினால் பிளாஸ்டர் வெடிக்கும். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பி கொடுத்து விரலைத் திரும்ப உருவாக்கலாம். பெரிய வேலை இல்லை. ஒட்டுவதற்குப் பாரலாய்டு பி-72 மாதிரி பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பிசினைப் பயன்படுத்துவோம். கடையில் கிடைக்கும் எம்-சீல் வைத்தால் அடுத்தவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பக்கத்து விரலும் சேர்ந்து போகும்.

இனி எனாமல். நான் பார்க்கும் சுரூபங்களுக்கு மழையைவிடப் பெரிய சேதம் பக்தியால் வந்திருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா ஒரு கோட்டு எனாமல் அடித்து அடித்து, கண் இமை, விரல் நகம், அங்கியின் மடிப்பு எல்லாம் மூடிப்போய்விடும். அடியில் பழைய எண்ணெய் வண்ணமும் அங்கி ஓரத்தில் பூவேலையும் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதுகுப் பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு தபால் தலை அளவு மட்டும் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். உப்புத்தாள் யாரும் எடுக்காதீர்கள்.

பீடத்தில் பச்சை. அசல் பொன் ரேக்கு (மெல்லிய பொன் தகடு) பச்சையாகாது. பச்சையானால் அது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடியில் செய்த பெயிண்ட். பின்னாளில் யாரோ பூசியது. அதன் அடியில் ரேக்கு இருக்கலாம். புளியோ எலுமிச்சையோ சோப்புத் தண்ணீரோ போட்டுத் தேய்த்தால் இருப்பதும் போய்விடும்.

மரத்தில் சின்ன ஓட்டைகள் இருந்தால் கீழே தாளை விரித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வெளிறிய புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. விழவில்லையென்றால் அது பழைய கதை, பயப்பட ஒன்றுமில்லை.

சிலுவைப்பாதைப் படங்களுக்குச் சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி மாட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். பூஞ்சணத்தில் பாதி அதிலேயே நின்றுவிடும்.

கோயில்பிள்ளை எழுதியது:

நான் நாற்பது வருடத்துக்கு மேல் கோயில்பிள்ளையாக, அதாவது கோயில் வேலைகளைக் கவனிப்பவனாக, இருந்து ஓய்ந்தவன். பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

தேயிலைமேடு தம்பிக்கு ஒரு அவசரச் செய்தி. மரப் பீடம் என்று சொன்னீர்கள். மேசைப் பலகையின் நடுவில் துணிக்கு அடியில் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் மரப் பீடத்தில் பூசை வைக்க வேண்டுமானால் அதன் நடுவில் ஒரு பீடக்கல் பதித்திருக்க வேண்டும். சதுரக் கல், ஐந்து சிலுவை வெட்டியிருக்கும், நடுவில் சின்னக் குழியில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சிகளின் திருப்பண்டம் (எலும்புத் துண்டு மாதிரி புனித எச்சம்) வைத்து மூடியிருக்கும். அந்தக் கல்லின் மேல்தான் அப்பமும் இரசமும் வைப்பார்கள். பழைய பீடம் கழற்றிய எத்தனையோ இடத்தில் ஆசாரி பலகையோடு அதையும் தூக்கிப் போட்டிருக்கிறார். இருந்தால் யாரும் திறக்க வேண்டாம், பங்குச் சாமியிடம் (பங்குக் குருவிடம்) சொல்லுங்கள்.

சிலுவைப்பாதைக்கும் ஒன்று. படம் எவ்வளவு கெட்டுப்போனாலும் அதன் மேலிருக்கும் சின்ன மரச் சிலுவையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிலைகள் பதினான்கு என்று 1731இல் பாப்பரசர் 12ஆம் கிளமெந்து வரையறுத்தார். மந்திரிப்பது அந்தப் பதினான்கு சிலுவைகளைத்தான், படம் அதற்குத் துணை. ஃபிளெக்ஸ் வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரிவதில்லை.

தவக்காலக் கடைசியில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போடுவேன். சிலுவையின் துணியைப் பெரிய வெள்ளியன்று எடுப்போம், மற்றச் சுரூபங்களுக்குப் பாஸ்கா இரவுப் பூசைக்கு முன்னால். அன்றைக்கு மக்கள் ஒவ்வொரு சுரூபமாகப் போய்த் தொட்டுக் கும்பிடுவார்கள், ரொம்ப நாள் ஊரில் இல்லாத ஆளைப் பார்த்த மாதிரி. பழுதான சுரூபத்தையும் அப்படித்தான் தொடுவார்கள். விரல் இல்லை என்று யாரும் தள்ளிப் போனதில்லை.

தேயிலைமேடு எழுதியது:

ஐயா, நேற்று பங்குச் சாமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். மூன்று துணி விரித்திருந்தது. கடைசித் துணிக்கு அடியில் மெழுகு பூசிய துணி ஒன்று ஒட்டியிருந்தது, அதற்கும் கீழே கல். ஐந்து சிலுவையும் தெரிகிறது, நடுவில் மூடி அப்படியே இருக்கிறது. சாமிக்கே அது அங்கே இருப்பது தெரியவில்லை. முழங்கால் போட்டுவிட்டார். உடனே மறைமாவட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னார், அங்கிருந்து யாரும் எதையும் கழற்ற வேண்டாம் என்று பதில் வந்தது.

தூரிகை அக்கா கேட்டது எல்லாம் சரி. மேற்குச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறது. வெளித்தரை உள்தரையைவிட ஒரு முழம் உயரம். மாதாவையும் சூசையப்பரையும் பலகை மேல் ஏற்றித் தள்ளி வைத்துவிட்டோம். சூசையப்பரின் விரலில் கம்பி தெரிகிறது, துருதான். மண்டபம் பேத்தி சொன்னபடி அன்பியம் அன்பியமாக (பங்கின் பக்கத்து வீட்டுக் குடும்பக் குழுக்களாக) வயதானவர்களிடம் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறோம். செபஸ்தியார் சுரூபம் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது நேர்ந்துகொண்டு வாங்கியது என்று ஒரு அம்மா சொன்னார். எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாத விஷயம்.

பேரவைக்காரன் எழுதியது:

பீடக்கல் விஷயம் படித்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதை வைத்துக்கொண்டு யாரும் கிரானைட் பேச முடியாது, சரி.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பணம் எங்கிருந்து? சுண்ணாம்புப் பூச்சு சிமெண்டைவிட நாள் பிடிக்கும், ஆள் கிடைப்பதும் கஷ்டம். தூரிகை அம்மா மாதிரி ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், அது நியாயமும்கூட. தோட்டத் தொழிலாளர்களிடம் எவ்வளவு கேட்பது? என் யோசனை, கூரையும் வாய்க்காலும் முதல் வருடம். சுவர் இரண்டாம் வருடம். சுரூபங்கள் அப்புறம், ஒன்று ஒன்றாக. உபயப் பலகையில் "பழுதுபார்த்தல்" என்று போட்டுப் பெயர் எழுதுங்கள், அதற்கும் கொடுப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஃபைபர் வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சப்பரத்தில் ஏற்றி மேட்டிலும் பள்ளத்திலும் மழையிலும் பவனி போவதற்கு ஃபைபர் சுரூபம்தான் சரி. பழைய சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றினால் ஒவ்வொரு வருடமும் ஒரு விரல் போகும்.

தூரிகை எழுதியது:

பேரவைக்காரர் சொன்ன வரிசைதான் சரியான வரிசை. ஈரம் நிற்காமல் சுரூபத்தைத் தொட்டால் எங்கள் வேலையும் வீண். சப்பரத்துக்கு ஃபைபர் என்பதையும் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். ஒவ்வொரு சுரூபத்தையும், பீடத்தின் ஒவ்வொரு பகுதியையும் முன், பின், இரண்டு பக்கம் எனப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். அடிப்பீடத்தின் பின்புறம் வார்த்த கம்பெனியின் முத்திரையோ எண்ணோ இருந்தால் அதைத் தனியாக. ஒரு நகல் கோயிலில், ஒன்று மறைமாவட்டத்தில்.

மண்டபம் பேத்தி எழுதியது:

அந்தச் செபஸ்தியார் கதை சொன்ன அம்மாவின் குரலையும் பதிவு செய்துவையுங்கள் அண்ணா. எழுதினால் மட்டும் போதாது.

தேயிலைமேடு எழுதியது:

பேரவை கூடியது. எல்லாரும் ஒரே மனதாக இல்லை, ஒருவர் எழுந்து போய்விட்டார். கிரானைட் தீர்மானத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. பழைய நடுப்பீடம் இருந்த இடத்திலேயே இருக்கும், முன்னால் இப்போது உள்ள மர மேசைக்குப் பதில் கல்லில் ஒரு பீடம் செய்ய ஆயரிடம் அனுமதி கேட்பார்கள். சிலுவைப்பாதை ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவு. சப்பரத்துக்கு ஒரு ஃபைபர் மாதா வாங்குகிறார்கள். கூரைத் தகடும் வாய்க்காலும் பனிக்காலம் முடிந்ததும் தொடங்கும்.

இப்போது ஒரு உதவி. சுண்ணாம்புப் பூச்சு கையால் செய்யத் தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. கோவை, திண்டுக்கல், பழனிப் பக்கம் யாராவது இருந்தால், மலையில் தங்கி வேலை செய்யச் சம்மதிப்பார்களானால், தனிமடலில் சொல்லுங்கள். தங்க இடமும் சாப்பாடும் பங்கு பார்த்துக்கொள்ளும்.